இடைவெளி எண்ணிய நால்வர்

சுண்டைக்காட்டூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: நீங்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த ஊரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் நான்கு நாற்காலி. வாசலில் ‘சுண்டைக்காட்டூர் கணினி மன்றம்’ என்று பலகை. மன்றத்தில் உறுப்பினர் நால்வர். நால்வருக்கும் சேர்த்துத் தெரிந்த புரோகிராம் ஒன்று.

அதை எழுதிக் கொடுத்தவர் இன்ஜினியர் தணிகாசலம். சி மொழியில் இருபத்திரண்டு வரி. எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் அதில் எத்தனை சொல் இருக்கிறது என்று சொல்லிவிடும். சொல் என்றால் என்ன என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. (இலக்கணக்காரர்களுக்கும் இதில் ஒரு முடிவு ஏற்படவில்லை, அவர்கள் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.) ஆகவே தணிகாசலம் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். ஃபைலைத் திற. ஒவ்வோர் எழுத்தாகப் படி. இடைவெளி வந்தால் ஒன்று கூட்டு. ஃபைல் முடியும்வரை இதையே செய். முடிந்ததும் மூடு. ஒரு சொல் முடிந்தால் ஓர் இடைவெளி வரும் அல்லவா? இடைவெளியை எண்ணினால் சொல்லை எண்ணியதுபோலத்தானே? அவசரத்தில் எழுதியது. அன்று மாலையே அவருக்குத் துபாய் விமானம்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “எழுதியிருக்கிறதை அப்படியே செய்யுங்க. சந்தேகம் வந்தா ஓட்டிப் பாருங்க. அது சொல்றதுதான் சரி. நீங்களா எதையும் யோசிக்காதீங்க.”

நால்வரும் இதைத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். கடைசி வாக்கியத்தைக் கடைப்பிடிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

தலைவர் பூவராகன். பெரிய மீசை; பெரிய கைக்கடிகாரம்; இரண்டில் மீசைதான் வேலை செய்யும். எண்ணிக்கைக்குப் பொறுப்பு மாசிலாமணி. விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டுவது இருளப்பன். ‘முடிந்ததும் மூடு’ என்ற கடைசி வரிக்கென்றே தனியாக நியமிக்கப்பட்டவர் குழந்தைவேலு. அவர் கடமையில் கறார். திறந்திருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலை மூடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் தாடையைத் தூக்கி மூடிவிடுவார்.

‘ஒவ்வோர் எழுத்தாகப் படி’ என்ற வரியும் அவர்களை விடவில்லை. செய்தித்தாளை அப்படித்தான் படித்தார்கள். பூவராகன் ஓர் எழுத்தைச் சொல்வார். மற்ற மூவரும் அதை ஒப்புக்கொள்வார்கள். பிறகு அடுத்த எழுத்து. புயல் எச்சரிக்கையை இவர்கள் படித்து முடித்துத் தெருத்தெருவாகப் போய் அறிவித்தபோது, புயல் கரை கடந்து, தூறலாகி, வெயிலும் அடித்து, ஊரில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மன்றத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை கோமளவல்லி டீச்சர் வந்தார்.

டீச்சருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. பக்கத்து ஊர் வடுகன்மேடு. அந்த ஊர்த் தலைமையாசிரியர் சாரங்கபாணி, மாவட்ட ஊர்வரலாற்றுப் போட்டியில் ஒன்பது வருடமாக முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். பரிசுக் கேடயத்தை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, வடுகன்மேட்டுக்குச் சுண்டைக்காட்டூர் வழியாகப் போவார். அது வழியே இல்லை. நான்கு கிலோமீட்டர் சுற்று. டீச்சர் வீட்டுக்கு எதிரில் ஹாரன் வேறு அடிப்பார்.

இந்த வருடம் டீச்சர் ஆறு மாதம் உழைத்துத் தம் ஊர் வரலாற்றை எழுதியிருந்தார். பத்தி பிரிக்காமல் ஒரே மூச்சில் எழுதியிருந்தார், ஆத்திரம் அப்படி. நோட்டில் எழுதியதைத் தாமே தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

“இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி நேரம், பூவராகண்ணே. இரண்டாயிரம் சொல்லுக்கு மேல போனா தள்ளிடுவாங்க. ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டு மெயில்ல அனுப்பிடுங்க. எனக்குப் பரீட்சை ஹால் டியூட்டி. போனையும் ஆபீஸ்ல வாங்கி வச்சிருவாங்க.”

“கூடுதலா இருந்தா?” என்றார் மாசிலாமணி.

“இருக்காது. நானே விரல்விட்டு எண்ணிட்டேன்.”

“இருந்தா வெட்டிடறோம் டீச்சர்,” என்றார் இருளப்பன், ஒற்றை விரலை உயர்த்தி.

டீச்சர் பதறிப்போனார். “ஐயையோ! ஒரு சொல்லைக்கூட நீங்க தொடக் கூடாது. இந்தத் தடவையும் அந்த மனுஷன் என் வாசல்ல ஹாரன் அடிச்சா நான் ஊரைவிட்டே போயிடுவேன். சொல்லிட்டேன்.”

டீச்சர் போனதும் புரோகிராமை ஓட்டினார்கள். திரையில் விடை வந்தது: 2043.

நால்வரும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள். துக்கச் செய்திக்கு எழுந்து நிற்பது மன்றத்தின் வழக்கம்.

“நாப்பத்து மூணு கூடுதல்,” என்றார் மாசிலாமணி.

“குறைக்கணும்,” என்றார் பூவராகன்.

“தொடக் கூடாது,” என்றார் இருளப்பன்.

“குறைக்கணும், ஆனா தொடக் கூடாது,” என்று குழந்தைவேலு பேச்சை முடித்து மூடினார்.

பிறகு மாசிலாமணி புரோகிராமின் இருபத்திரண்டு வரியையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். அந்த மன்றத்தின் சரித்திரத்தில் யாராவது சொன்ன ஒரே அறிவான வார்த்தையை அவர் அப்போது சொன்னார். அதனால்தான் எல்லாம் கெட்டது.

“தலைவரே, இது சொல்லையே எண்ணலை. இடைவெளியைத்தான் எண்ணுது.”

“அதனால?”

“இடைவெளியை எடுத்துட்டா எண்ணிக்கை குறைஞ்சிடும். சொல்லைத் தொட வேண்டியதே இல்லை.”

பூவராகன் மீசையைத் தடவினார். “இடைவெளியைத் தொடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களா?”

“சொல்லலை.”

“அப்ப எடு.”

எந்த நாற்பத்து மூன்று இடைவெளியை எடுப்பது என்பதில்தான் தகராறு வந்தது. “ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு,” என்றார் இருளப்பன். “எடுத்துடலாம். புருஷன் பெண்டாட்டிதானே?” எடுத்தார்கள். “கிணறு, கயிறு?” எடுத்தார்கள். “மேலத்தெரு, கீழத்தெரு?”

“உனக்கென்ன பைத்தியமா?” என்று பாய்ந்தார் குழந்தைவேலு. “திருவிழா அன்னிக்கு நடுவுல போலீஸ் நின்னாலே ரெண்டு தெருவுக்கும் மண்டை உடையுது. நடுவுல ஒண்ணுமே இல்லாம ஒட்டி வச்சா? அதுக்கு வேணும்னா இன்னொரு இடைவெளி சேர்த்துப் போடு.”

இது நியாயமாகப் பட்டதால், ஏற்கெனவே எடுத்ததில் ஒன்றை அங்கே சேர்த்துப் போட்டார்கள். எண்ணிக்கை ஒன்று ஏறிவிட்டது. அதை ஈடுகட்ட ஒரு மாமியாரையும் மருமகளையும் ஒட்டினார்கள். வேறு வழியில்லை, ஆனாலும் அந்த இடத்தில் நால்வருக்கும் மனசு கேட்கவில்லை.

இருளப்பன் நேர்மையானவர். எடுத்த இடைவெளிகளை அவர் எறியவில்லை. “டீச்சரோட பொருள். நாளைக்குக் கேட்டா?” என்று ஒவ்வொன்றையும் வெட்டி, வேறொரு ஃபைலில் வரிசையாக ஒட்டி, அந்த ஃபைலுக்குப் ‘பத்திரம்’ என்று பெயர் வைத்தார். அடுத்தவர் பொருளை யாராவது கவனக்குறைவாகக் கையாண்டால் இன்றைக்கும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

இரண்டாயிரத்துக்கு வந்தாயிற்று. இங்கே அவர்கள் நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. பூவராகனுக்கு ஒரு யோசனை வந்தது.

“ஏம்ப்பா, மேல போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. கீழே போகலாமில்லே?”

“போகலாம்.”

“அப்ப சாரங்கபாணி ஆயிரத்து எண்ணூறுல வந்து நின்னா?”

ஒன்பது வருட ஹாரன் சத்தம் எல்லார் காதிலும் கேட்டது.

“எடு,” என்றார் பூவராகன். “அந்த ஆளால தொட முடியாத ஆழத்துக்குப் போயிடுவோம்.”

ஆயிரத்து எண்ணூறு. ஆயிரம். ஐந்நூறு. மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு எடுத்தார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும்கூட ஊர் நன்மைக்காக ஒன்றாயின. நான்கு மணிக்கு இருளப்பன் கடைசி இடைவெளியை எடுத்து, விரலில் சொடக்குப் போட்டுக்கொண்டார். ஊரின் முழு வரலாறும் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை, மடங்கி மடங்கி, ஒரு நீளமான சரவெடிபோல நின்றது.

ஓட்டிப் பார்த்தார்கள். விடை: 0.

மறுபடி எழுந்து நின்றார்கள்.

“பூஜ்யமா?” என்றார் பூவராகன். “அப்ப டீச்சர் எழுதின வரலாறு?”

“ஒரு சொல்கூட இல்லையாம் தலைவரே.”

“திரையில தெரியுதே,” என்றார் குழந்தைவேலு. “இதோ, ‘சுண்டைக்காட்டூர்’னு ஆரம்பிக்குது. என் கண்ணாலே பார்க்கிறேன்.”

“உன் கண்ணு சரியா, புரோகிராம் சரியா?” என்று கேட்டார் மாசிலாமணி. “இன்ஜினியர் என்ன சொல்லிட்டுப் போனார்?”

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். வாக்கெடுப்பு நடந்தது. கண்ணுக்கு ஒரு வாக்கு, புரோகிராமுக்கு மூன்று. ஆகவே திரையில் தெரிவது வரலாறு இல்லை, வரலாற்றின் தோற்றம்தான் என்று தீர்மானம் நிறைவேறியது. குழந்தைவேலுவும் பெருந்தன்மையோடு கண்ணை மூடிக்கொண்டார்.

சொற்கள் எங்கே போயின? மேசைக்கு அடியில் தேடினார்கள். பென்டிரைவைக் கழற்றி, கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்கள், தூசி விழுந்தது. வடுகன்மேட்டுக்காரன் யாராவது ஜன்னல் வழியாக வந்தானா என்று பூவராகன் கேட்டார். “ஜன்னலைக் காலையிலேயே மூடிட்டேன்,” என்றார் குழந்தைவேலு, கண்ணைத் திறக்காமலே. மணி நாலரை.

“சந்தேகம் வந்தா ஓட்டிப் பாருன்னு சொல்லியிருக்கார்,” என்றார் மாசிலாமணி. “இருக்கிற எல்லா ஃபைலையும் ஓட்டு. எங்கேயாவது போய் ஒளிஞ்சிருக்கும்.”

இருந்தது இன்னும் ஒரு ஃபைல்தான். ‘பத்திரம்’. ஓட்டினார்கள்.

விடை: 2043.

பூவராகன் மாசிலாமணியைக் கட்டிக்கொண்டார். இருளப்பன் தம் ஒற்றை விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றும் குறையாமல் இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று சொல்லும் அங்கே பத்திரமாக இருந்தன! (உள்ளபடி டீச்சர் எழுதியது இரண்டாயிரத்து நாற்பத்து நான்கு. கடைசிச் சொல்லுக்குப் பின்னால் இடைவெளி இல்லை. அதனால் புரோகிராம் அதைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தவர்களிடம் இதைப் போய்ச் சொல்ல யாருக்கு மனசு வரும்?)

ஃபைலைத் திறந்தார்கள். திரை வெள்ளைவெளேர் என்று இருந்தது.

“ஒண்ணும் தெரியலையே,” என்றார் இருளப்பன்.

“கண்ணை நம்பறதில்லைன்னு இப்பத்தானேப்பா தீர்மானம் போட்டோம்,” என்றார் பூவராகன். “நாப்பத்து மூணைக் குறை. நேரமாச்சு.”

இந்தத் தடவை தகராறே இல்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் எதை எடுத்தாலும் எந்தத் தெருவுக்கும் வருத்தம் வராது. இருளப்பன் நாற்பத்து மூன்று தட்டுத் தட்டினார். சரியாக இரண்டாயிரம். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மெயில் போய்ச் சேர்ந்தது. குழந்தைவேலு கம்ப்யூட்டரை மூடினார்.

ஐந்தேகாலுக்கு டீச்சர் மூச்சிரைக்க வந்தார். “அனுப்பியாச்சா? காட்டுங்க.”

காட்டினார்கள். டீச்சர் திரையை மேலே தள்ளினார். கீழே தள்ளினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“வரலாறு எங்கே?”

“இதான் டீச்சர். இரண்டாயிரம். ஒரு சொல்லைக்கூடத் தொடலை.”

“வெறும் வெள்ளையா இருக்கு!”

“எங்களுக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது,” என்றார் பூவராகன் பரிவோடு. “போகப் போகப் பழகிடும்.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார். திறக்கும்போது முகம் சுளித்த குழந்தைவேலு, மூடும்போதெல்லாம் தலையை ஆட்டிப் பாராட்டினார். பிறகு டீச்சர் எழுந்து போனார். அந்த வார இறுதியில் அவர் இடமாறுதல் விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டதாக ஊரில் பேச்சு.

செவ்வாய்க்கிழமை போட்டிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. டீச்சர் பயந்துகொண்டே பிரித்தார். ‘தங்கள் கட்டுரை உரிய நேரத்தில் கிடைத்தது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரின் கோளாறால் எழுத்துகள் தெரியவில்லை. வருந்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் நேரில் வந்து நடுவர்கள் முன் வாசிக்கவும். சொல் வரம்பு மாறாது.’

டீச்சர் நோட்டை எடுத்து மறுபடி விரல்விட்டு எண்ணினார்; நாற்பத்து நான்கு கூடுதல். சிவப்பு மையில் ஐம்பது சொல்லைத் தாமே அடித்தார். அரை மணி வேலை. விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தலைநகரில், ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் மூன்று நடுவர்கள். முன் வரிசையில் சாரங்கபாணி, கேடயம் கொண்டுபோக ஒரு காலிப் பையோடு வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மன்றத்தார் நால்வர். டீச்சர் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். இரண்டாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

“இங்கே கம்ப்யூட்டர் இல்லையே,” என்றார் இருளப்பன்.

“புரோகிராம் மனப்பாடமா இருக்கில்லே?” என்றார் மாசிலாமணி. “அவங்க பேசறப்ப சும்மா இரு. பேச்சு நிக்கிற இடத்துல ஒண்ணு கூட்டு.”

டீச்சருக்குச் சொல்வதெழுதுதல் நடத்தி நடத்தி ஒரு பழக்கம்: ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு கணம் நிறுத்துவார். மாசிலாமணிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முழங்காலில் ஒரு தட்டு. நூற்றுக்கு ஒருமுறை பூவராகன் காதில் தகவல் போனது.

வரலாறு நன்றாகவே இருந்தது. ராஜா வந்தார், ராணி வந்தார், மேலத்தெருவும் கீழத்தெருவும் போதுமான இடைவெளியோடு வந்தன. கடைசியில் பெருவெள்ளம் வந்தது. சுண்டைக்காட்டூர் மூன்று நாள் பட்டினி கிடந்ததையும், நான்காம் நாள் இடுப்பளவு தண்ணீரில் வடுகன்மேட்டுக்காரர்கள் தலையில் சோற்றுக் குண்டானோடு வந்ததையும் டீச்சர் வாசித்தார். ‘அந்தக் குண்டான்களில் ஒன்றை நாங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை’ என்று முடித்தார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நடுவர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். சாரங்கபாணி கண்ணாடியைக் கழற்றினார். டீச்சர் நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். யாருக்கும் மூச்சுவிடத் தோன்றவில்லை.

மாசிலாமணி மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து நாலு... அஞ்சு... தலைவரே, டீச்சர் நிறுத்தாம போறாங்க!”

“வாயே அசையலையேப்பா.”

“அதான் சொல்றேன். முழுக்க இடைவெளியா விடறாங்க. இவ்வளவு வேகமா அவங்க இதுவரைக்கும் பேசினதே இல்லை. ஆறு... ஏழு...”

பூவராகனுக்கு வியர்த்துவிட்டது. “டீச்சர், போதும்!” என்று கையைக் காட்டினார். டீச்சர் கவனிக்கவில்லை. இன்னும் உருக்கமாக நின்றார்.

“எட்டு... தலைவரே, ஏதாவது சத்தம் பண்ணுங்க! சத்தம் இருந்தா இடைவெளி இருக்காது! ஒன்பது...”

நால்வரும் துள்ளி எழுந்து, உயிர் போகிறமாதிரி கைதட்டினார்கள். பின்வரிசைக்காரர்கள் திடுக்கிட்டு எழுந்து தட்டினார்கள். மண்டபமே எழுந்தது. நடுவர்களும் எழுந்தார்கள். சாரங்கபாணி மேடைக்கே போய், தாம் கொண்டுவந்த காலிப் பையை டீச்சரிடம் நீட்டி, “கேடயம் கொஞ்சம் கனமா இருக்கும், டீச்சர். இதுல வச்சுக்குங்க,” என்றார். முதல் பரிசு சுண்டைக்காட்டூருக்கு என்று அறிவித்தபோது, கைதட்டலில் அறிவிப்பே காதில் விழவில்லை.

மற்றவர்கள் தட்டி முடித்து, கேசரி சாப்பிட்டு, வெளியே போனார்கள். மன்றத்தார் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்த முடியும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் இருக்கிறது; கை ஓய்ந்தால் அடுத்தது விழும், அதற்கடுத்ததும் விழும், கேடயம் போய்விடும். மண்டபத்துக்காரர் நாற்காலிகளை அடுக்கினார். தட்டினார்கள். வாசலுக்கு வந்தார்கள். தட்டினார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது மற்ற மூவர் சேர்த்துத் தட்டினார்கள்.

முதல் பஸ்ஸில் நால்வருக்கும் டிக்கெட்டை டீச்சர்தான் எடுத்தார். அவர்களுக்குக் கை ஒழியவில்லை. இரண்டாவது பஸ்ஸில் கண்டக்டர், “யாருக்குய்யா இந்தக் கைதட்டு?” என்று கேட்டார். டீச்சருக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. அவர்களைத் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கைகள் சிவந்து, தோள் தொங்கி, ஆனாலும் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போதும் பூவராகண்ணே,” என்றார் டீச்சர் தழுதழுத்து. “ஊர் வந்தாச்சு. நான் வாசிச்சு முடிச்சாச்சு.”

“தெரியும் டீச்சர்,” என்றார் பூவராகன், கையை நிறுத்தாமல். “ஆனா நீங்க இன்னும் மூடலையே.”

குழந்தைவேலு தட்டுவதை விட்டுவிட்டுக் குனிந்து, டீச்சரின் மடியிலிருந்த நோட்டை மூடினார். நால்வரும் பஸ்ஸிலேயே சரிந்து உட்கார்ந்து தூங்கிப்போனார்கள். டீச்சர் அவர்களை எழுப்புவதற்குள் பஸ் சுண்டைக்காட்டூரைத் தாண்டி, வடுகன்மேட்டுக்குப் போய் நின்றது.